கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை

காங்கேசன்துறை துறைமுகத்தில், கப்பலுக்கு ஆள் ஏற்றும் கட்டடத்தின் கழிப்பறை வாசலில் நிறுத்தி வைத்து ரோசம்மாள் தன் புருஷனுக்குத் தலை சீவிவிட்டாள். முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டாள். போட்ட பவுடர் வியர்வையில் திட்டுத்திட்டாக நின்றது. மறுபடியும் துடைத்தாள், மறுபடியும் போட்டாள்.

"நேரா நில்லுங்க. யாராச்சும் பாத்தா லேசா சிரிங்க."

ராபர்ட் சிரித்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், சும்மாவே இருங்க" என்றாள்.

ராபர்ட்டுக்கு அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு மாரடைப்பு வந்திருந்தது. ரோசம்மாளுக்கு அது தெரியும். கப்பல்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது, ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். நாகப்பட்டினத்தில் இறங்குகிறவரை அவரை உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர் மாதிரி காட்டியாக வேண்டும், உயிரோடும் வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் தலையில் ஏற்றிக்கொண்ட வேலை அதுதான்.

இவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் வாய்த்த கதையே ஒரு கூத்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் பங்கிலிருந்து ஜெருசலேம் போக ஒரு கூட்டம் கிளம்பியது. ராபர்ட்டும் ரோசம்மாளும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். முதலில் கூட்டிப்போகிறவர் காணாமல் போனார், பிறகு கொரோனா வந்தது, பிறகு அங்கே சண்டை வந்தது. பாஸ்போர்ட் பீரோவுக்குள்ளேயே கிடந்தது. ராபர்ட் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். முப்பத்து நான்கு வருஷம் காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பியவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் ஒருநாள் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒம்போது மாசத்துல காலாவதியாம் ரோசி. ஒரு முத்திரகூட விழல. வெறும் நோட்டு மாதிரி கெடக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் மகன் மெர்வின் இலங்கைக்குக் கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். யாழ்ப்பாணத்தில் நான்கு நாள். திரும்பி நாகப்பட்டினத்தில் இறங்கினால் அப்படியே வேளாங்கண்ணி போய் மாதாவைக் கும்பிட்டுவிட்டு ஊர்.

நான்கு நாளும் நன்றாகத்தான் போயின. ராபர்ட் கோட்டையைப் பார்த்தார், நல்லூரைப் பார்த்தார், பனங்காய்ப் பணியாரம் தின்றார். பார்த்த ஆட்களிடமெல்லாம் பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினார். ஐந்தாம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

தங்கியிருந்த வீட்டுக்காரர் தன் ஆட்டோவிலேயே பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். ஈசிஜி எடுத்தாள், மாத்திரை கொடுத்துக் கடித்து மென்று விழுங்கச் சொன்னாள். பிறகு ரோசம்மாளின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, இது ஹார்ட் அட்டாக். இப்பவே பெரியாஸ்பத்திரியில சேர்க்கோணும். நான் கடிதம் தாறன். இண்டைக்கே அடைப்பை எடுத்தால் நல்லா வந்திடுவார். பயப்பிடாதேங்கோ, காப்பாத்தலாம்."

"இன்னைக்கு மத்தியானம் எங்களுக்குக் கப்பலும்மா."

"கப்பலோ? கப்பலில ஏத்தவே கூடாது. நடக்கவும் விடாதேங்கோ."

ரோசம்மாள் கடிதத்தை வாங்கி மடித்துப் பாஸ்போர்ட் பைக்குள் வைத்தாள். ஆட்டோவில் ஏறியதும் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாள். இங்கே வந்த ஒரு ஆள் இறந்துபோனால் உடலை இந்தியாவுக்குக் கொண்டுபோக எத்தனை நாளாகும்?

அவர் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். "ஏன் அக்கா உதெல்லாம் கேக்கிறியள்? சாகிற நோய் வருத்தம் இல்லை எண்டுதானே டாக்குத்தர் சொன்னவா."

"சும்மா சொல்லுங்க."

"பொலிஸ், பிறகு கொழும்பு, எம்பசி, பிளேன்... ஒரு கிழமையோ பத்து நாளோ, எனக்குச் சரியாத் தெரியாது. கப்பலில கொண்டுபோக விடமாட்டினம்."

ரோசம்மாளுக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. சூட்கேஸை எடுக்க வேண்டும் என்று ஆட்டோவை வீட்டுக்கே விடச் சொன்னாள்.

இவளுக்கு ஏன் புத்தி இப்படிப் போனது என்று கேட்பவர்களுக்குப் பொன்னுராஜைத் தெரிந்திருக்க வேண்டும். பொன்னுராஜ் அவளுடைய ஒரே தம்பி. வளைகுடாவுக்கு வெல்டர் வேலைக்குப் போனவன். 2008-இல் அங்கே இறந்தான். எப்படி இறந்தான் என்பதற்கு மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். உடல் வர நாற்பத்தொரு நாளாயிற்று. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தவர் ராபர்ட்தான். தகரம் அடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்று மேலே காகிதம் ஒட்டியிருந்தது. ரோசம்மாள் அந்தப் பெட்டியின்மேல் விழுந்து நகத்தால் பிறாண்டினாள். ராபர்ட் அவளைத் தூக்கி நிறுத்தி, "வேண்டாம்ட்டி, பாத்தா தாங்க மாட்ட" என்றார். பெட்டி அப்படியே குழிக்குள் போனது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, உள்ளே கிடப்பது தம்பிதானா வேறு யாருமா என்ற அதே சந்தேகத்தோடு திரும்புவாள். பதினேழு வருஷமாக அந்தச் சந்தேகம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அது இருக்கும் இடத்தில் வேறு எந்தப் பேச்சும் நுழையாது.

மாத்திரையின் வேலையால் ஒன்பது மணிக்கு ராபர்ட்டுக்கு வலி குறைந்தது. எழுந்து உட்கார்ந்து தேநீர்கூடக் குடித்தார். அதை ரோசம்மாள் மாதா காட்டிய அடையாளம் என்று எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி கதவுக்குள் போய்விட்டால் ஆளைத் திரும்பப் பார்க்க முடியாது, கப்பலில் நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டால் நம் மண், நம் டாக்டர், மெர்வின் வந்துவிடுவான். அவள் கணக்கு அவ்வளவுதான். மெர்வினுக்கு அவள் ஃபோன்கூடச் செய்யவில்லை. செய்தால் அவன் சேரச் சொல்லுவான் என்று தெரியும்.

சூட்கேஸை அடுக்கும்போது ராபர்ட் கட்டிலில் இருந்தபடி மெதுவாகக் கேட்டார். "ரோசி, அந்த டாக்டர் புள்ள சொன்னத கேப்பமா ஏட்டி? இங்கனயே சேந்துருவமா?"

"பேசாம இருங்க. பேசுனா மூச்சு வாங்கும்."

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டு விஷயத்தில் அவள் சொன்னதைத் தாண்டி நடந்து அவருக்குப் பழக்கமில்லை. மில்லில் ரிங் ஃபிரேம் எந்திரம் ஓடுகிற சத்தத்திலேயே கோளாறு கண்டுபிடிக்கிற மனிதர், வீட்டுக்குள் வந்தால் சாப்பிட என்ன இருக்கிறது என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்க மாட்டார்.

சோதனை வரிசையில் ஒரு அதிகாரி ராபர்ட்டை உற்றுப் பார்த்து, "ஐயாவுக்குச் சுகமில்லையோ?" என்றார்.

"அவியளுக்குக் கப்பல் ஒத்துக்கிடாதுய்யா" என்றாள் ரோசம்மாள். "வரும்போதே அம்புட்டும் வாந்தி. இப்ப ஏறுறதுக்கு முன்னாலயே பயந்துட்டாவ."

அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். வரும்போது ராபர்ட் வாந்தி எடுக்கவே இல்லை. முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மீன் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

கப்பல் ஒன்றரை மணிக்குக் கிளம்பியது. ஆவணி மாதத்துக் காற்று. துறைமுகத்தின் தடுப்புக் கல்லைத் தாண்டியதுமே தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டது. கால் மணி நேரத்துக்குள் பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டார்கள். ஊழியர்கள் பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்துக்கொண்டே போனார்கள். முன்னாலும் பின்னாலும் ஓங்கரிக்கிற சத்தம். ரோசம்மாளுக்கு அது நிம்மதியாக இருந்தது. இத்தனை பேர் வெளுத்துப்போய்க் கிடக்கிற இடத்தில் ராபர்ட்டும் ஒருவராகக் கலந்துவிட்டார். அவர் கையிலும் ஒரு பையைத் திணித்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் காலடியில் கிடந்த சூட்கேஸைக் குனிந்து பார்த்தார். "இது நம்ம கடைப் பெட்டியாச்சே. கைப்பிடில பச்ச ரிப்பன் நாந்தான் கட்டுவேன். ராஜபாளையம், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம். நீங்க அந்தப் பக்கமா அக்கா?"

அவர் பெயர் அகமது கபீர். அந்தப் பக்கம் அவர் மனைவி நூர்பானு வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தாள், மடியில் மகள் சப்ரீன் தூங்கிக்கொண்டிருந்தது. ரோசம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர்க்காரர் என்றால் பேச்சு வளரும் என்று பயம்.

அரை மணி நேரம் கழித்து ராபர்ட்டின் கை சட்டைப் பொத்தானைத் தேடியது. வியர்வை காலர் வழியாக வழிந்து முதுகை நனைத்திருந்தது. இடது கையை மடித்து மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். ரோசம்மாள் துண்டால் விசிறினாள், காதருகில் அருள் நிறைந்த மரியாயே சொன்னாள். கபீர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, இது கப்பல் மயக்கம் இல்ல."

"இல்ல தம்பி, அவியளுக்கு ஒத்துக்கிடல..."

"எங்க அத்தாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. கையப் பாருங்க, எப்படி வச்சுருக்காருன்னு. நான் போய் கப்பல்காரங்க கிட்ட சொல்லுதேன். இன்னும் ரொம்ப தூரம் வந்துரல, திருப்பிருவாங்க."

அவர் எழுந்தார். ரோசம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வேற்று ஆணின் கையைத் தொட்டுவிட்டோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

"திருப்பக் கூடாது தம்பி. திருப்புனா அங்க கொண்டுபோய்ச் சேத்துருவாங்க."

"சேக்கட்டுமே. அதுக்குத்தானே சொல்லுதேன்."

"சேத்து, அங்கனயே செத்துட்டா? பொறவு பெட்டிலதான் வருவாவ. மூடுன பெட்டி. எந்தம்பி அப்படித்தான் வந்தான். மொகம் பாக்கல தம்பி. இன்னைக்கு வரைக்கும் பாக்கல." பதினேழு வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் மூச்சுவிடாமல் வெளியே வந்தது. தகரம், ஆணி, ஒட்டியிருந்த காகிதம், எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பற்றியும் சொன்னாள்.

கபீர் அவள் பக்கம் குனிந்தார். "எங்க ஆளுகள்ல எங்க மவுத்தாகுதாங்களோ அந்த மண்ணுலயே அடக்கிருவோம். எங்க மாமா ஜித்தாலதான் அடங்கியிருக்காரு. அது இருக்கட்டும். அக்கா, இவரு உசுரோட இருக்காரு. நீங்க மய்யத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்க."

"உங்க புள்ளைய நெனச்சு சொல்லுங்க தம்பி, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு. இன்னும் மூணு மணி நேரம்தான்."

கபீர் சப்ரீனைப் பார்த்தார். அப்போது நூர்பானு மறுபடி ஓங்கரித்தாள், குழந்தை விழித்து வீரிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது சரி என்றும் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ராபர்ட்டின் உதட்டில் வைத்தார். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண், பிள்ளையின் பேரில் ஆணையிடச் சொல்லிக் கேட்டால் நல்ல மனிதர்கள் பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அடுத்த இரண்டரை மணி நேரத்தை ரோசம்மாள் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை ஓயாமல் உருட்டியே கடந்தாள். மணிக்கு நடுவில் புருஷனின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். இருமுறை அவர் கண்கள் மேலே செருகின. இருமுறையும் கன்னத்தில் தட்டி, "ஏங்க, செத்த நேரம், செத்த நேரம்" என்று கெஞ்சினாள். கடைசியில் யாரோ கண்ணாடி ஜன்னலைக் காட்டி, தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது வேளாங்கண்ணிக் கோயில் என்றார்கள். அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பாவி, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்.

நாகப்பட்டினத்தில் இறங்கும்போது ராபர்ட்டின் ஒரு பக்கத்தைக் கபீரும் மறுபக்கத்தை அவளும் தாங்கிக்கொண்டார்கள். கப்பல்காரன் ஒருவன், "பாவம், பெரியவருக்கு ரொம்ப முடியலயோ" என்று சொல்லி ஒரு பையை மடித்துக் கொடுத்தான். குடியேற்ற வரிசையில் ராபர்ட் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் கேட்டதும் ராபர்ட்டின் கண் திறந்தது.

"எத்தன ஆச்சு ரோசி?"

"நாலு. போக ரெண்டு, வர ரெண்டு."

"நாலு" என்று அவரும் சொன்னார்.

அந்த மேசையைத் தாண்டி நான்கு எட்டு வைத்த பிறகுதான் ரோசம்மாள் அலறினாள். ஐயோ, என் புருஷனுக்கு நெஞ்சு வலி, யாராச்சும் வாங்களேன் என்று, அந்த நிமிஷம்தான் வந்த வலியைப் போல, கூரை அதிர அலறினாள். நல்ல மனிதர்கள். ஓடி வந்தார்கள். நாற்காலி வந்தது, பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸும் வந்தது. கபீர் சூட்கேஸைத் தூக்கி உள்ளே வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈசிஜி காகிதத்தைப் பார்த்தபடி, "எப்ப ஆரம்பிச்சுது?" என்றார்.

"இப்பதான் சார். கப்பல்ல."

"இது இப்ப வந்தது இல்லம்மா. சரியா யோசிச்சு சொல்லுங்க. நேரத்த வச்சுதான் வைத்தியமே."

ரோசம்மாள் பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் வாசித்தார். மேலே எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார், காலை ஏழு பத்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சாயங்காலம் ஏழு. அவளைத் திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை. கடிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்து, ஓடாமல் நடந்து வந்தார்.

மறுநாள் மத்தியானம் ராபர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டில், கண்ணாடி மூடிய குளிர்பெட்டிக்குள் கிடந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் சிலுவை. முகம் தெளிவாக இருந்தது. தெருவே வந்து பார்த்தது. ராஜபாளையத்திலிருந்து மில் ஆட்கள் ஒரு வேனில் வந்தார்கள்.

வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் ரோசம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த வீட்டு ஜெயபாய்தான் அதிகம் பேசினாள். "அந்த மட்டுக்கும் நம்ம மண்ணுக்குக் கொண்டாந்து சேத்துட்டியே. வேற ஒருத்தின்னா நடுக்கடல்லயே கைய விரிச்சிருப்பா. எம்புட்டுத் தைரியம் ஏட்டி உனக்கு! பொன்னுராஜ் மாதிரி ஆகாம, மொகத்தப் பாக்க வச்சுட்டியே." எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ரோசம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளிர்பெட்டியின் பக்கம் அவள் முகம் திரும்பவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு மெர்வின் அவளை உள் அறைக்கு அழைத்தான். அவன் கையில் பாஸ்போர்ட் பை இருந்தது. இறப்புச் சான்றிதழுக்கு அப்பாவின் அடையாள அட்டையைத் தேடியவன், கூடவே இருந்த காகிதத்தையும் வாசித்துவிட்டான். இங்கிலீஷில் எழுதிய காகிதம்.

"அம்மா, இதுல என்ன எழுதிருக்குன்னு யாராச்சும் உங்களுக்குச் சொன்னாங்களா?"

அவன் கேட்ட விதத்திலேயே ஒரு வழி இருந்தது. யாரும் சொல்லவில்லை, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அதைப் பிடித்துக்கொண்டு அம்மாவை மன்னித்துவிடுவான். அவன் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான். வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மில் ஆட்களோடு வந்திருந்த கபீர் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டார்.

"சொன்னாங்க" என்றாள் ரோசம்மாள். "அந்த டாக்டர் புள்ள தமிழ்லயேதான் சொல்லுச்சு. இன்னைக்கே சேத்தா நல்லாயிருவாருன்னுச்சு. அப்பாவும் சேந்துருவமான்னு கேட்டாவ. நாந்தான் பேசாம இருங்கன்னு சொன்னேன்."

மெர்வின் காகிதத்தை மடித்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அம்மாவைத் தாண்டி வெளியே போனான்.

நான்கு மணிக்குச் சாமியார் வந்தார். உடலை மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். செபம் முடிந்ததும் உபதேசியார் குரலை உயர்த்தினார். "மொகம் பாக்கிறவுக பாத்துக்கிடுங்க. பெட்டிய மூடப் போறோம்."

எல்லாரும் ஒரு முறை சுற்றி வந்தார்கள். மெர்வின் குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். பிறகு கூட்டம் தானாகவே விலகி, சுவரிலிருந்து பெட்டிவரை ரோசம்மாளுக்கு வழி விட்டது. ஜெயபாய் அவள் தோளைத் தொட்டு, "போ ஏட்டி, நல்லாப் பாத்துக்க. இதுக்குத்தான அம்புட்டுப் பாடுபட்ட" என்றாள்.

ரோசம்மாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் தரையை ஊன்றிக்கொண்டு, பெட்டி இருந்த பக்கம் பார்க்காமலேயே சொன்னாள்.

"மூடிருங்க."